சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு

சிவனொளிபாத மலைக்குப் போய் வந்தவர்களிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். குளிரைச் சொல்வார்கள், படிகளைச் சொல்வார்கள், இறங்கும்போது முழங்கால் நடுங்கியதைச் சொல்வார்கள். கடைசியில் சூரிய உதயத்துக்கு வந்து சேர்வார்கள். சிங்களவர்கள் அதை 'இர சேவய' என்கிறார்கள். சூரியன் எழும்பும்போது மலையைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறது என்பது நம்பிக்கை. அந்த ஒரு காட்சிக்காக ஆயிரக்கணக்கானவர்கள் இரவிரவாக ஏறுகிறார்கள். ஏற வேண்டியதுதான், அவ்வளவு அழகு.

இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. அதே உச்சியில், அதே நிமிடத்தில், கிழக்கைப் பார்த்து நிற்கும் அத்தனை பேருடைய முதுகுக்குப் பின்னாலும் இன்னொரு காட்சி விரிகிறது. போன பெப்ரவரிக் கடைசியில் அதைப் பார்க்கக் கிடைத்தது. பார்த்த நாளிலிருந்து யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில். எங்கள் லயத்து வாசலில் நின்றால் மலை தெரியும். அம்மா பிரட்டுக்குப் புறப்படும் நேரத்தில் வெளிச்சம் முதலில் விழுவது அதன் உச்சியில்தான். அடிவாரத்துத் தேயிலையெல்லாம் அப்போது இருட்டுக்குள் இருக்கும். மாலையில் சூரியன் அந்தப் பக்கமாகப் போய் மறையும். மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சிறுவயதில் எங்களில் யாருக்கும் தெரியாது. இரத்தினபுரி என்ற பெயர் தெரியும், கல் தோண்டுகிற ஊர் என்று தெரியும். மலையின் நிழல் தினமும் காலையில் அந்த ஊர்ப் பக்கம்தான் விழுகிறது என்று யாரும் யோசித்ததில்லை. எங்கள் பக்கத்தில் விழாத நிழலைப் பற்றி நாங்கள் ஏன் யோசிக்கப் போகிறோம்?

யோசித்தவர் மாமா ஒருவர்தான். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இளவயதில் மலைக்கு அடிக்கடி போனவர். அக்கா மகள் ஏழாம் வகுப்புக்கு வந்ததும், "இந்த வருசம் இவளக் கூட்டிக்கிட்டுப் போகணும், நீயும் வா" என்று எனக்குப் போன் எடுத்தார். கொழும்பில் வேலை, லீவு, அது இது என்று நான் சொல்வதற்கெல்லாம் அவர் இடம் தரவில்லை.

நல்லதண்ணியிலிருந்து இரவில் புறப்பட்டோம். அந்தப் பக்கமாக ஏறினால் ஏறத்தாழ 5,500 படிகள். மலையின் உயரம் 2,243 மீற்றர். மார்கழியில் வரும் உந்துவப் போயா தொடங்கி வெசாக் வரைக்கும் பருவகாலம். அந்த மாதங்களில் வழி நெடுக மின்விளக்கு எரியும், கடைகள் திறந்திருக்கும். ஜப்பானியப் பிக்குகள் கட்டிய வெள்ளைத் தாதுகோபத்தடியில் சற்று நின்றோம். சீதகங்குலைத் தண்ணீரில் முகம் கழுவினோம். பிளேன்டீ கிடைத்த இடத்திலெல்லாம் குடித்தோம். இறங்கி வருகிறவர்கள் 'கருணாவை' என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். மாமா தன் பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் நின்று, சின்னவளுக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். மேலே இருக்கும் பாதத்தைப் பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், நாம் சிவனுடையது என்கிறோம், முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்கிறார்கள், கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாருடையது என்கிறார்கள். 1344இல் மொரோக்கோவிலிருந்து வந்த இபுன் பதூதாவும் இந்த மலையில் ஏறியிருக்கிறார். "அவரு ஏறுனப்ப லைட்டு இல்ல, கடையும் இல்ல" என்றார் மாமா. அதற்குப் பிறகு சின்னவள் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

உச்சியில் கிழக்குப் பக்கத்து மதிலோரம் கால் வைக்க இடமில்லை. எல்லாக் கையிலும் போன். அந்தக் கூட்டத்துக்குள் நுழையப் பார்த்த எங்களை மாமா தடுத்துவிட்டார். "இந்தப் பக்கம் வாங்க. நெழலப் பாக்கணும்னா இங்கதான் நிக்கணும்."

சின்னவளின் முகம் வாடிவிட்டது. "தாத்தா, சூரியன் அங்கதானே வரும்?"

"வரட்டும். அது தினமும் வரும். நீ இங்க பாரு."

மேற்குப் பக்கத்தில் எங்களோடு பத்துப் பதினைந்து பேர்தான் நின்றிருப்பார்கள். கீழே சப்ரகமுவத் தாழ்நிலம் சாம்பல் நீலமாகக் கிடந்தது. காடு எது, வயல் எது, ஊர் எது என்று பிரித்தறிய முடியாத வெளிச்சம். 6.20 கடந்திருக்கும். பின்னாலிருந்து 'சாது, சாது' என்று எழுந்த குரலைக் கேட்டுத்தான் சூரியன் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டோம்.

அப்போது எதிரே ஒரு முக்கோணம் வந்தது.

கோடு பிடித்து வரைந்ததுபோல் இரண்டு பக்கமும் நேர். நுனி கூர். தரையில் விழுந்து கிடக்கும் நிழல் என்று கண் நம்பவில்லை; காற்றில் இன்னொரு மலை எழும்பி நிற்கிறது என்றே நம்பியது. அடிப்பாகம் காட்டின்மேல் கிடந்தது, நடுப்பாகம் பனிமூட்டத்தின்மேல் கிடந்தது, நுனி அடிவானத்தையும் தாண்டி வெறும் ஆகாயத்தில் குத்திட்டு நின்றது. அதன் விளிம்புக்கு வெளியே மட்டும் மெல்லிய செம்மை பரவியிருந்தது. நான் எத்தனையோ படங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். படத்தில் அது ஒரு வடிவம். நேரில் அதற்குக் கனம் இருக்கிறது. நாம் நிற்கிற மலையின் எடை முழுவதும் எதிரே வந்து நின்றதுபோல் நெஞ்சு அடைத்தது.

சின்னவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம மலை இவ்வளவு ஒழுங்கா இருக்காதே தாத்தா?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. நல்லதண்ணியிலிருந்து பார்த்தால் மலை ஒரு பக்கம் சரிந்து, ஒரு பக்கம் செங்குத்தாக, தோளும் முடிச்சுமாகத்தான் இருக்கிறது. அதன் நிழலில் அந்தக் கோணல் எதுவும் இல்லை. இது இந்த மலைக்கு மட்டும் உரிய அதிசயம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியல்ல. ஜப்பானின் ஃபூஜி, கனரித் தீவுகளின் தெய்டே, ஹவாயின் மௌனா கேயா என்று எந்தப் பெரிய மலையின் உச்சியில் நின்று பார்த்தாலும் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். நிழலின் இரண்டு விளிம்புகளும் உண்மையில் ஒன்றுக்கொன்று இணையாகவே போகின்றன. அது தொடங்கும் இடத்தில் நாம் நிற்பதால், அட்டன் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல் அவையும் சேர்ந்து தெரிகின்றன.

கோணல்கள் எங்கே போயின என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சூரியன் வானத்தில் ஒரு புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் எந்தப் பொருளின் முழுநிழலும் அந்தப் பொருளின் அகலத்தைப் போல ஏறத்தாழ 107 மடங்கு தூரத்தில் கரைந்துபோகும். 100 மீற்றர் அகலமுள்ள பாறை முகடு ஒன்றின் நிழல் 11 கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். தோளும் முடிச்சும் வழியிலேயே அழிந்துபோக, மலையின் பெரிய உருவம் மட்டும்தான் தூரம் வரை போகிறது.

எவ்வளவு தூரம்? வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியின் வளைவை விட்டுவிட்டுத் தரையைத் தட்டையாக வைத்துக்கொண்டால், சூரியன் அடிவானத்துக்கு மேல் 1 பாகை ஏறியிருக்கும்போது இந்த மலையின் நிழல் ஏறத்தாழ 125 கிலோமீற்றர் நீளும். உச்சியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் 70 கிலோமீற்றர் சொச்சம்தான். அதையும் தாண்டிக் கடலுக்குள் போய்விடுகிறது. 5 பாகையில் 25 கிலோமீற்றர். 10 பாகையில் 13க்கும் குறைவு. நம் நாட்டில் சூரியன் 1 பாகை ஏற நான்கு நிமிடம் போதும். ஆக, கடலில் கிடந்த நுனி கால் மணி நேரத்தில் 100 கிலோமீற்றர் உள்ளே ஓடி வந்துவிடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஓட்டம் தெரியாது. சற்றுத் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தால், முன்பு மூட்டத்தில் இருந்த நுனி இப்போது ஒரு குன்றின்மேல் இருக்கும்.

திசையும் மாறும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் நிழல் அவிசாவளைப் பக்கம் சாய்ந்து விழும். நாங்கள் போன பெப்ரவரிக் கடைசியில் அது ஏறக்குறைய நேராகக் கொழும்பைக் காட்டுகிறது. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் போனால் பாணந்துறைப் பக்கம் திரும்பியிருக்கும். பருவகாலம் முழுவதும் உச்சியில் இருந்து, நாளுக்கு ஒரு கோடு வரைந்தால் அதுவே ஒரு நாட்காட்டி. அந்த முக்கோணத்துக்குள் இறப்பர்த் தோட்டங்கள் இருக்கின்றன, வயல்கள் இருக்கின்றன, மாணிக்கக்கல் குழிகள் இருக்கின்றன, பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடியல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். மஸ்கெலியாவில் வளர்ந்த எனக்கு, மலையின் மறுபக்கத்திலும் இந்த மலையை வைத்தே காலையைக் கணக்கிடும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இதுவரை சொன்னது, வானம் ஒத்துழைத்தால் பருவகாலத்தில் எவரும் பார்க்கக்கூடியது. அடுத்தது அப்படியல்ல. மாமாவே தன் வாழ்நாளில் பார்த்திராதது.

நிழல் சுருங்கி வந்துகொண்டிருந்தபோது கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் கிளம்பியது. காட்டின் மேலாக ஊர்ந்து, பாறையைப் பிடித்து ஏறி, மதிலுக்கு வெளியே வந்து நின்றது. பின்னால் வானம் தெளிவாக இருந்தது, வெயில் எங்கள் பிடரியில் சுட்டது. முன்னால் வெள்ளைச் சுவர். அந்தச் சுவர் நெருங்க நெருங்க, தூரத்தில் கிடந்த நிழல் நுனி எழும்பி எங்களை நோக்கி வந்தது. மலை நிழல் நிமிர்ந்து எழுவதுபோல் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் இரண்டடி பின்வாங்கினார்.

பிறகு நுனியில் நிறம் ஊறியது. முதலில் ஒரு மங்கலான வெளிச்சம், அதைச் சுற்றிச் சிவப்பு. மூட்டம் இன்னும் கொஞ்சம் அடர்ந்ததும் சிவப்புக்கு உள்ளே மஞ்சள், பச்சை, நீலம் என்று வரிசை தெளிந்தது. முழு வட்டம். வானவில்லைப் போல் பாதியில் அறுந்துபோகாத வட்டம். அதற்கு வெளியே அதே நிற வரிசையில் இன்னொன்று, மிகவும் மெலிதாக. நடுவே ஒரு தலையின் நிழல்.

"சித்தி! என் தலையச் சுத்தி வட்டம்!"

"ஒன் தலையிலயா? என் தலையச் சுத்தித்தானே இருக்கு" என்றார் மாமா.

"இல்ல தாத்தா, எனக்குத்தான். ஒங்க தலையில ஒண்ணுமே இல்ல."

நான் பார்த்தேன். வட்டம் என் தலையைச் சுற்றித்தான் இருந்தது. கையை உயர்த்தினேன்; மூட்டத்துக்குள் நீளமான கறுப்புக் கையொன்று உயர்ந்தது. மாமாவின் நிழல் பக்கத்தில் தெரிந்தது, சின்னவளின் நிழல் தெரிந்தது, இரண்டு தலையிலும் நிறமே இல்லை. எங்களுக்கு வலப்புறம் வெள்ளைச் சேலை உடுத்திய சிங்கள மூதாட்டி ஒருவர் இரு கைகளையும் நெற்றிக்கு மேல் குவித்திருந்தார். மாமா சிங்களத்தில், "அம்மே, உங்களுக்கு எங்கே தெரிகிறது?" என்று கேட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தலையைத் தொட்டுக் காட்டினார். சொல்லக் கூச்சப்பட்டது முகத்தில் தெரிந்தது. தனக்கு மட்டும் அது கிடைத்துவிட்டதோ என்ற கூச்சம். "எங்களுக்கும்தான், ஆளுக்கு ஒன்று" என்று மாமா சொன்னதும் அவர் முகத்தில் வந்த ஆறுதலை நான் மறக்கமாட்டேன்.

இதே தர்க்கம் இதற்கு முன்பும் ஒரு மலையில் நடந்திருக்கிறது. பூமியின் வடிவத்தை அளப்பதற்காகப் பிரெஞ்சு அறிவியல் கழகம் 1735இல் தென் அமெரிக்காவுக்கு ஒரு குழுவை அனுப்பியது. இன்றைய ஈக்வடோரில் இருக்கும் பம்பமார்க்கா மலையில் ஒரு விடியற்காலை. மேகம் கலைந்து சூரியன் வந்தபோது, குழுவிலிருந்த பியர் பூகேரும் அந்தோனியோ தே உல்லோவாவும் எதிர்மேகத்தில் தங்கள் நிழலையும் அதைச் சுற்றிய நிற வட்டத்தையும் கண்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரும் தன் தலையைச் சுற்றி மட்டுமே வட்டத்தைக் கண்டதாகப் பூகேர் எழுதி வைத்தார். ஐரோப்பியர்களின் எழுத்தில் இந்தக் காட்சிக்குக் கிடைக்கும் முதல் விரிவான பதிவுகள் அவைதான். பிறகு 1780இல் ஜெர்மனியின் புரொக்கன் மலையில் யொஹான் சில்பர்ஷ்லாக் மூட்டத்தில் விழும் பேருருவ நிழலைப் பற்றி எழுத, உலகம் அந்த நிழலைப் 'புரொக்கன் பூதம்' என்று அழைக்கத் தொடங்கியது. சீனத்தில் எமெய் மலைக்குப் போகும் பௌத்த யாத்திரிகர்கள் இதே வட்டத்தை நூற்றாண்டுகளாகப் புத்தரின் ஒளி என்று வணங்கி வருகிறார்கள். நம் மூதாட்டி கை குவித்தது அவர்களுக்குப் புரியும்.

ஆளுக்கு ஒன்று ஏன் என்பதற்கு விடை எளிது. சூரியனிலிருந்து உங்கள் கண் வழியாக ஒரு நேர்கோட்டை நீட்டினால் அது எதிரே எங்கே போய்ப் படுகிறதோ, அங்கேதான் வட்டத்தின் நடு. உங்கள் கண்ணின் நிழல் விழும் இடமும் அதுவே. பக்கத்து ஆளின் கண்ணுக்கு வேறு கோடு, வேறு நடு. அருகில் இருக்கும் மூட்டத்தில் அந்த இரண்டு நடுக்களும் விலகி விழுவதால் அவருடைய வட்டம் நமக்குக் கிடைப்பதில்லை. மலை நிழலின் நுனியும் அப்படித்தான்: உச்சியில் எங்கே நின்றாலும் அது நமக்கு நேர் எதிரே இருக்கும்.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கடினமான கேள்வி. மூட்டத்தின் நீர்த்துளி ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அது தன்மேல் பட்ட ஒளியில் கொஞ்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. எப்படி? துளியின் விளிம்பில் நுழைந்த கதிர் உள்ளே ஒருமுறை பட்டுத் தெறித்து மறு விளிம்பால் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், தண்ணீரின் ஒளிவிலகல் அவ்வளவு போதாது. நேராகத் திரும்ப இன்னும் 14 பாகை குறையும். பாடப்புத்தகத்து வானவில் படம் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது. 1947இல் நெதர்லாந்தின் வான் டி ஹூல்ஸ்ட், ஒளி அந்தக் குறையைத் துளியின் மேற்பரப்பை ஒட்டிப் பயணம் செய்து நிரப்புகிறது என்றார். பிரேசிலின் நுசென்ஸ்வெய்க் பல ஆண்டுகள் இதே கணக்கோடு இருந்து, இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார். துளியைத் தொடாமல் அதன் வெளியோரமாகப் போகும் ஒளியும் துளிக்குள் ஊடுருவுகிறது, திரும்பி வரும் வெளிச்சத்தில் பெரும் பங்கு அதனுடையதே என்பது அவர் முடிவு. தொடாத ஒளி! அணுவுக்குள் துகள்கள் தடையைக் கடப்பதை விளக்கும் அதே கணிதம், எங்கள் மலையின் பனிமூட்டத்துக்கும் பொருந்துகிறது.

துளி சிறிதாக இருந்தால் வட்டம் பெரிது, துளி பெரிதாக இருந்தால் வட்டம் சிறிது. எல்லாத் துளியும் ஒரே அளவாக இருந்தால்தான் நிறங்கள் பிரிந்து தெரியும். அளவுகள் கலந்திருந்தால் வெறும் வெள்ளைப் பூச்சுத்தான். முதுகில் தெளிந்த வெயில், முன்னால் அருகில் மூட்டம், அந்த மூட்டத்தில் ஒரே அளவான துளிகள், அதுவும் சூரியன் தாழ இருக்கும் வேளையில்: இத்தனையும் ஒருசேர வாய்க்க வேண்டும். அதனால்தான் மாமாவுக்கு அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வட்டத்தைப் பார்த்து வாழ்க்கையே திசைமாறிய ஒருவர் உண்டு. சி.டி.ஆர். வில்சன். 1894 செப்டெம்பரில் ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியிலிருந்த வானிலை நிலையத்தில் இரண்டு வாரம் வேலை செய்தார். மேகத்தின்மேல் விழுந்த நிழல்களையும் அவற்றைச் சுற்றிய நிற வட்டங்களையும் அங்கே கண்டு, அவற்றை ஆய்வுகூடத்தில் செய்து பார்க்க ஆசைப்பட்டார். கண்ணாடிக் கலத்துக்குள் மேகம் உண்டாக்கப் போனவர், கண்ணுக்குத் தெரியாத மின்னூட்டத் துகள்கள் போன தடத்தை அந்த மேகம் வரைந்து காட்டுவதைக் கண்டுபிடித்தார். அதுதான் முகிற்கூடம். 1927இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. 1932இல் பொசித்திரன் என்ற துகள் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தக் கருவியில்தான். மலை உச்சியில் கண்ட ஓர் அழகைத் திரும்பவும் பார்க்க வேண்டும் என்ற ஆசை, மனிதனை அணுவுக்குள் கொண்டுபோய் விட்டது.

எங்கள் மலையையும் ஒருவர் அப்படித் தேடி வந்தார். அவரைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசாதது எனக்கு உண்மையாகவே வருத்தம். ரால்ஃப் அபர்குரோம்பி என்ற பிரித்தானிய வானிலையாளர். மேகங்களைப் பார்ப்பதற்காகவே உலகைச் சுற்றியவர். இந்த மலையின் நிழல் ஏன் எழும்பி நிற்கிறது என்று அக்காலத்து அறிவியல் இதழ்களில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. 1876இல் அபே என்ற பாதிரியார் ஒரு விளக்கம் எழுதியிருந்தார். தாழ்நிலத்துச் சூடான காற்றும் உச்சியின் குளிர்ந்த காற்றும் சேர்ந்து ஒளியை வளைப்பதால் வரும் கானல் போன்ற தோற்றம் அது என்பது அவர் கருத்து. 1880களில் அபர்குரோம்பி வெப்பமானிகளோடு இலங்கைக்கு வந்து மலையேறினார். இரவு முழுவதும் உச்சியில் தங்கி, வெப்பத்தை அளந்து, விடிந்ததும் நிழலைப் பார்த்தார். அபே சொன்ன நிலைமை அங்கே இல்லை. மூட்டம் நெருங்கி வரும்போதுதான் நிழல் எழுகிறது, மூட்டம் விலகினால் தரைக்குப் போய்விடுகிறது. நிழலின் நுனியில் நிற வட்டத்தையும் அவர் கண்டு எழுதியிருக்கிறார். நாங்கள் கண்டதும் அதுவே.

தூரதேசத்திலிருந்து வெப்பமானி தூக்கிக்கொண்டு வந்து கேட்ட கேள்வி அது. அந்தப் பொதிகளை மேலே சுமந்தவர்கள் யார் என்று எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை. இன்றைக்கு அட்டனிலும் மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் பிள்ளைகள் ஒளிவிலகலைக் கரும்பலகையில் படிக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை நிற்கிறது. சூரியன் எத்தனை பாகை உயர்ந்தால் நிழல் எவ்வளவு நீளும் என்பது சாதாரணதரக் கணக்குத்தான். திரிகோணகணிதம் தெரிந்த எந்தப் பிள்ளையும் போடும். சின்னவள் அன்றைக்கு இறங்கி வரும்போது மாமாவிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். நிழல் எந்த ஊர்மேல் விழுந்தது, நுனி எத்தனை மணிக்கு எங்கே இருந்தது, வட்டம் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியதா இல்லையா. காலையில் சூரியன் பக்கம் போகமுடியவில்லை என்று முகம் வாடியவள் அவள். இப்போது வீட்டில் ஒரு வெப்பமானி கேட்கிறாள். வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மலையகத்துப் பாடசாலை ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பருவகாலத்தில் மேலே கூட்டிக்கொண்டு போங்கள். பாகைமானியும் கடிகாரமும் ஒரு தேசப்படமும் போதும். பாதத்தைக் கும்பிட்டுவிட்டு மேற்குப் பக்கம் நிற்க வையுங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். வானம் தெளிந்திருக்கும் வாய்ப்பு ஜனவரி முதல் மார்ச் வரை கூடுதல். போயா நாளிலும் வாரக் கடைசியிலும் கூட்டம் நெரியும், சாதாரண வார நாளில் போங்கள். விடிவதற்கு முன்பே உச்சியில் இருங்கள். உதயத்தை ஒரு கண் பார்த்துவிட்டு உடனே மறுபக்கம் வந்துவிடுங்கள், முக்கோணம் கூராக இருப்பது முதல் இருபது நிமிடம்தான். முடிந்தவுடன் படியிறங்கத் தொடங்காமல் இன்னும் அரை மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். கீழிருந்து மூட்டம் ஏறி வந்தால் உங்கள் தலையின் நிழலைத் தேடுங்கள். போனை அதன் பிறகு எடுக்கலாம். சிறு பிள்ளைகளை மதிலோரம் முன்னால் விடுங்கள், பக்கத்தில் நிற்பவருக்கு எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். குடித்த தண்ணீர்ப் போத்தலை உங்களோடு கீழே கொண்டுவந்துவிடுங்கள்.